வினிகரா, சிட்ரிக் ஆசிடா, ப்ளீச்சா: வீட்டு ஐஸ் மேக்கரை எதைக் கொண்டு கழுவுவது?

போன ஏப்ரலில் ஒரு சாயங்காலம், வாயில் போட்ட ஐஸைத் துப்பிவிட்டு, "ஏதோ பாசி வாடை அடிக்குதுப்பா" என்றார் அம்மா. அவருக்கு வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். தாகம் தாங்காத நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் அடுத்த நொடியே தீர்ந்துவிடும். அதே அளவு தண்ணீர் ஐஸாக இருந்தால் வாயில் கொஞ்ச நேரம் நிற்கும். அதற்காகத்தான் மேசை மேல் வைக்கிற சின்ன ஐஸ் மேக்கரை வாங்கியிருந்தோம்.

அன்று ராத்திரி கூடையை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டியின் மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு வழவழப்பு. ஐஸ் உறைகிற உலோக விரல்களின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு. வாங்கி 5 மாதம்தான் ஆகியிருந்தது. தினமும் மேலாகத் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே இப்படி இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

மறுநாள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைக்காரர் வினிகர் ஊற்றச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னார். என் மைத்துனர் சமையல் சோடா போதும் என்றார். சர்வீஸ் செய்ய வந்தவர் தான் கொண்டுவந்த பாட்டிலைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் மெஷின் போய்விடும் என்றார். ஒவ்வொன்றையும் விசாரித்து, சிலவற்றைச் செய்து பார்த்து, ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதே கேள்வியோடு நிற்பவர்களுக்காக அந்த ஒப்பீட்டை எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் கேட்ட கேள்வியே தப்பு. "எந்தத் திரவம் நல்லது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்ததோ ஒரு அழுக்கு இல்லை, இரண்டு. விரல்களில் இருந்த வெள்ளை, தண்ணீரிலிருந்து வந்த சுண்ணாம்பு. மூலையில் இருந்த சிவப்பு, உயிருள்ள கிருமிக் கூட்டம். சுண்ணாம்பைக் கரைப்பது கிருமியைச் சரியாகக் கொல்லாது. கிருமியைக் கொல்வது சுண்ணாம்பை அசைக்காது. மேலே சொன்ன ஆலோசனைகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

வீடுகளில் அதிகம் இருப்பது தோட்டா வடிவ ஐஸ் போடுகிற வகை. கீழே தொட்டி. அதிலிருந்து ஒரு சின்ன பம்ப் தண்ணீரை மேலே உள்ள தட்டுக்கு ஏற்றும். தட்டில் உலோக விரல்கள் முங்கி நிற்கும். 6 முதல் 10 நிமிடத்தில் விரல்களைச் சுற்றி ஐஸ் பிடித்ததும், விரல்களுக்குள் சூடான வாயு ஓடி ஐஸை நழுவ விடும். ஐஸ் கூடையில் விழும், மிச்சத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். கூடைக்குக் குளிரூட்டல் கிடையாது. அங்கே உருகுகிற ஐஸும் ஓட்டை வழியாகத் தொட்டிக்கே போகும், அதே தண்ணீர் மறுபடி ஐஸாகும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. தண்ணீர் உறையும்போது சுத்தமான நீர்தான் முதலில் உறைகிறது, உப்புகள் பின்தங்கிவிடுகின்றன. எனவே ஒவ்வொரு சுற்றிலும் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிக்கொண்டே போகும். அடுத்தது, கூடையிலிருந்து கையால் ஐஸ் எடுத்தால் கையில் இருப்பதும் அதே தொட்டிக்குப் போகிறது. ஃப்ரிட்ஜ் ட்ரேயில் கைபட்டால் ஒரு கட்டிதான் கெடும். இங்கே ஒரு தடவை பட்டது நாள் முழுக்கச் சுற்றிவரும். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். உறைவது பெரும்பாலான கிருமிகளைத் தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். உருகியதும் எழுந்துவிடும்.

சுண்ணாம்புக்கு: ஐந்து அமிலங்கள்

சுண்ணாம்புப் படிவை எடுக்க அமிலம் வேண்டும். தேய்த்து எடுக்கலாம் என்று ஸ்டீல் நாரைத் தொட்டுவிடாதீர்கள். விரல்களின் மேல் மெல்லிய பூச்சு இருக்கலாம், அதில் கீறல் விழுந்தால் அடுத்த படிவு அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும்.

நான் முதலில் செய்தது வினிகர். மளிகைக் கடையில் கிடைக்கிற வெள்ளை வினிகரில் சுமார் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். லேபிளில் 'செயற்கை' என்று போட்டிருந்தாலும் இந்த வேலைக்குக் குறையில்லை. அரை லிட்டர் வினிகரும் அரை லிட்டர் தண்ணீரும் கலந்தால் அதில் 20 கிராம் அமிலம். கணக்குப் போட்டால் அது 16 கிராம் சுண்ணாம்பு வரை கரைக்கும். ஒரு சின்ன மெஷினுக்கு அது தாராளம். வேலையும் செய்தது, அரை மணி நேரத்தில் விரல்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. பிரச்சினை வாடை. அசிட்டிக் அமிலம் ஆவியாகக் கூடியது, ரப்பர் குழாயிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. 4 தடவை அலசி, 3 சுற்று ஐஸைக் கொட்டிய பிறகும் அம்மா, "ஊறுகாய் ஜாடியைக் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றார். மற்றவர்களுக்கு ரோஸ் மில்க்கில் போட்டால் தெரியாது. வெறும் ஐஸை வாயில் வைத்துச் சப்புகிறவருக்குத் தெரியும். ஆப்பிள் சைடர் வினிகரை இதற்கு எடுக்கவே வேண்டாம். அதில் இருக்கிற சர்க்கரையும் வண்டலும் உள்ளே தங்கும்.

அடுத்து சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், கல்கண்டுத் தூள் மாதிரி இருக்கும். 1 லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக 2 மேசைக்கரண்டி, அதாவது 25 முதல் 30 கிராம். கரைக்கும் சக்தியில் அந்த அரை லிட்டர் வினிகருக்குக் குறைவில்லை. வாடை அறவே இல்லை. பொட்டலத்தை ஈரம் படாமல் மூடி வைத்தால் வருடக் கணக்கில் கெடாது. எங்கள் வீட்டில் கடைசியாக நின்றது இதுதான்.

ஆனால் இதற்கும் ஒரு குணம் உண்டு, யாரும் சொல்லாததால் நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத பொருள். படிவு மொத்தமாக இருந்து, கரைசலையும் ராத்திரி முழுக்க ஊற விட்டால், வெள்ளைப் பொடியாக அடியில் உட்கார்ந்துவிடும். ஒரு தடவை அப்படி விட்டேன். காலையில் பம்பின் வடிகட்டியில் மாவு மாதிரி அடைத்திருந்தது. ஆகவே 20 அல்லது 30 நிமிடத்தோடு நிறுத்தி, வடித்து, படிவு மிச்சம் இருந்தால் புதுக் கரைசலை ஊற்றி இன்னொரு தடவை ஓட்டுவது நல்லது. ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கக் கூடாது.

எலுமிச்சம்பழம் பிழிவதும் அதே அமிலம்தான். நல்ல பழச்சாற்றில் சுமார் 5 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருக்கும். 30 கிராம் வேண்டுமானால் அரை லிட்டருக்கு மேல் சாறு பிழிய வேண்டும். எத்தனை பழம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு சதையும் சர்க்கரையும் தோலின் எண்ணெயும் உள்ளே போகும், இவை எல்லாம் கிருமிக்குச் சாப்பாடு. பக்கத்து வீட்டு அக்கா மனதில் நல்லதுதான் இருந்தது. ஆனாலும் பழத்தைச் சர்பத்துக்கு வைத்துக்கொள்வதே சரி.

கடைகளில் ஐஸ் மெஷினுக்கென்றே விற்கும் திரவங்களில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ இருக்கும். ஹோட்டல் மெஷின்களில் நிக்கல் பூசிய தட்டு இருந்தால் அதற்கு 'நிக்கல் சேஃப்' என்று எழுதிய திரவம்தான் ஊற்ற வேண்டும், அங்கே இந்தச் செலவு நியாயம். வீட்டில் இதை எடுக்க இரண்டு சந்தர்ப்பம் உண்டு. மெஷினோடு வந்த கையேட்டில் வினிகர் கூடாது என்று எழுதியிருந்தால் ஒன்று. மென்று சாப்பிடுகிற மாதிரி பொடி ஐஸ் போடுகிற மெஷினாக இருந்தால் இன்னொன்று. அந்த வகையில் ஒரு திருகு உள்ளே சுற்றி ஐஸைச் சுரண்டித் தள்ளும். அதில் சுண்ணாம்பு பிடித்தால் கிறீச்சென்று சத்தம் வரும், மோட்டாருக்கே பாரம். அங்கே கையேடு சொல்வதை மீறாதீர்கள். சர்வீஸ் ஆள் கொடுத்த பாட்டிலின் லேபிளைப் படித்தேன், அதில் இருந்ததும் சிட்ரிக் அமிலம்தான். நான் வாங்கவில்லை.

ஐந்தாவது, பாத்ரூம் தரை கழுவும் ஆசிட். இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைத்தேன். ஆனால் "ரெண்டே சொட்டு விட்டா போதும்" என்று என்னிடமே ஒருவர் சொன்னதால் எழுதுகிறேன். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உலோகத்தை அரிக்கும், புகை வரும், வாயில் போகிற பொருளுக்கு அருகில் கூட வரக் கூடாது. 2 சொட்டும் வேண்டாம்.

சமையல் சோடாவைப் பற்றி 2 வரி போதும். அது காரம். சுண்ணாம்பைக் கரைக்காது. கூடையையும் கரண்டியையும் வெளியே எடுத்து வாடை போகத் தேய்க்க நல்லது. வினிகரோடு சேர்த்து ஊற்றினால் பொங்கும். அந்தப் பொங்கலைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைக்கிறோம், உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. பாத்திரம் தேய்க்கிற திரவமும் தொட்டிக்குள் வேண்டாம். நுரை பம்பில் ஏறினால் இறக்குவது கஷ்டம்.

கிருமிக்கு: ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம்

ஈரமான இடத்தில் வரும் இளஞ்சிவப்பு வழவழப்புக்குப் பெரும்பாலும் காரணம் செராஷியா என்ற பாக்டீரியா. பாத்ரூம் மூலையிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல உடம்பு உள்ளவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் மருத்துவமனைகளில் உடம்பில் குழாய் பொருத்தியிருப்பவர்களுக்குத் தொற்று உண்டாக்கக் கூடிய கிருமி என்று படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன்.

வழவழப்பு என்பது கிருமிகள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் ஒரு போர்வை. மருந்து ஊற்றும் முன் அதை மென்மையான ஸ்பாஞ்சாலோ குழந்தைகள் பிரஷ்ஷாலோ துடைத்து எடுக்க வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் அதையும் முதலில் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பின் சொரசொரப்பில்தான் கிருமி ஒளிந்துகொள்கிறது. ஆக, வரிசை எப்போதும் இதுதான்: முதலில் அமிலம், நன்றாக அலசல், அப்புறம்தான் கிருமிநாசினி.

நம் ஊரில் கிருமி என்றதும் கை போவது ப்ளீச்சிங் பவுடருக்கு. கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் அது சரி. ஐஸ் மேக்கருக்குச் சரியில்லை, காரணம் எளிது. அதில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட்டோடு சுண்ணாம்பும். கலக்கினால் அடியில் வெள்ளையாகத் தங்குமே, அதேதான். அரை மணி நேரம் உட்கார்ந்து எடுத்த சுண்ணாம்பை நாமே திரும்பப் போடுவதாகும்.

சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் இதற்குப் பொருத்தம். துணிக்கு விற்பதில் வாசனையும் நுரையும் சேர்த்தது இருக்கும், அது வேண்டாம். ஒன்றும் சேர்க்காத 4 சதவீதக் கரைசலாகப் பார்த்து வாங்குங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. 5 மில்லியில் 4 சதவீதம் என்றால் 200 மில்லிகிராம், ஆக லிட்டருக்கு 200. உணவு படும் பரப்புகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மேல் வரம்பு அதுதான், அதற்கு மேல் கூட்டினால் உலோகத்துக்குத்தான் கேடு. 5 முதல் 10 நிமிடம் ஓட விட்டு வடித்து, 2 தடவை நல்ல தண்ணீரில் அலசி, முதல் 2 சுற்று ஐஸைக் கொட்டிவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள், ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிக்கும். இந்தத் திரவம் வெயிலில் வீரியம் இழக்கும். சென்னை மே மாதத்தில் பால்கனியில் வைத்த பாட்டிலில் பேருக்குத்தான் மருந்து இருக்கும். சின்ன பாட்டிலாக வாங்கி, தேதி எழுதி, இருட்டில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. வினிகரோ சிட்ரிக் ஆசிடோ உள்ளே மிச்சம் இருக்கும்போது ஹைப்போகுளோரைட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் மூச்சுக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இடையில் குறைந்தது 3 அலசல். நான் இரண்டையும் வெவ்வேறு நாளில்தான் செய்கிறேன், மறதிக்கு இடமே வேண்டாம் என்று.

குளோரின் வாடையே ஆகாது என்பவர்களுக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது, மருந்துக் கடையில் கிடைக்கும். வாடை இல்லை, கடைசியில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். ஆனால் தொட்டி நிறைய ஊற்றக் கட்டுப்படியாகாது. தொட்டியையும் மூடியின் ரப்பரையும் கூடையையும் துடைக்க மட்டும் வைத்திருக்கிறேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி நெளியும், கம்ப்ரஸருக்கும் நல்லதில்லை.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் பாதி வேலை

எங்கள் வீடு மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீர், கோடையில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) லாரித் தண்ணீர். குடிநீருக்கான இந்திய தர அளவு, ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. போர் தண்ணீர் 400 என்று வைத்துக்கொள்வோம். தினம் 2 லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 24 கிராம் சுண்ணாம்பு மெஷினுக்குள் போகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் 30 என்றால் அதே மாதத்தில் 2 கிராம் கூட இல்லை. முழுதும் படிந்துவிடாது என்றாலும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று இதிலேயே தெரியும். எந்த அமிலம் என்று தேடுவதைவிட எந்தத் தண்ணீர் என்று பார்ப்பது பெரிய முடிவு.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் முடிந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சுண்ணாம்பு போயே போச்சு. ஆனால் வழவழப்பு முன்பைவிடச் சீக்கிரம் வந்தது. காரணம், ஆர்.ஓ. மெஷினில் கார்பன் வடிகட்டி இருக்கிறது, அது குளோரினை எடுத்துவிடும். மெட்ரோ வாட்டரில் மிச்சம் இருக்கிற கொஞ்சம் குளோரின், தொட்டியில் நிற்கும்போது கிருமியைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும். அதை நாம் எடுத்துவிட்டோம். கேன் தண்ணீரும் இதே கதைதான், போதாததற்குக் கேனை எப்போது கழுவினார்கள் என்ற கவலை வேறு. ஆகவே ஆர்.ஓ. அல்லது கேன் என்றால் அமில வேலை குறையும், கிருமிநாசினி வேலை கூடும். போர் தண்ணீர் என்றால் அமில வேலை கூடும், அதில் குளோரினும் கிடையாது என்பதால் கிருமி வேலையும் குறையாது. போர் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள் என்பதுதான் என் முடிவு. கொதிக்க வைத்து ஆற வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும், கிருமியும் போகும். ஆர்.ஓ. இல்லாத வீட்டுக்கு அது நல்ல வழி.

எதுவும் ஊற்றாத வேலை

இந்த ஒரு வருடத்தில் எந்தப் பாட்டிலையும்விட அதிகம் உதவியது ராத்திரி 2 நிமிட வேலை. மெஷினை அணைத்து, அடியில் உள்ள மூடியைத் திருகித் தண்ணீரை வடித்து, உள்ளே ஒரு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, மேல் மூடியைத் திறந்தே விட்டுவிடுவது. காய்ந்த பரப்பில் வழவழப்பு வளராது. முன்பு நான் 24 மணி நேரமும் ஓட விட்டிருந்தேன், தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தேன். அதுதான் என் பெரிய தப்பு. பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர் என்றால் சுண்ணாம்பும் சேரும், கிருமியும் சேரும்.

மெஷினில் 'செல்ஃப் கிளீன்' பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்குள் மருந்து ஒன்றும் கிடையாது. தொட்டியில் இருக்கிற தண்ணீரை உறைய வைக்காமல் சுற்றி ஓட்டும், அவ்வளவுதான். வெறும் தண்ணீர் இருந்தால் வெறும் அலசல், சிட்ரிக் கரைசல் இருந்தால் சுண்ணாம்பு நீக்கல். பொத்தான் இல்லாத மெஷினில் கரைசலை ஊற்றி 2 அல்லது 3 சுற்று ஐஸ் போட விடுவார்கள். அந்த ஐஸ் பார்க்க நல்ல ஐஸ் மாதிரியே இருக்கும், குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுவிடக் கூடாது. மூடி மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

கூடையோடு வந்த கரண்டியைத் தவிர வேறு எதுவும் ஐஸைத் தொடக் கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டமே போட்டிருக்கிறோம். பக்கவாட்டு வலையில் தூசி அடைத்தால் சூடு வெளியே போகாமல் ஐஸ் மெதுவாகப் பிடிக்கும். மாதம் ஒரு தடவை பிரஷ் போட்டுத் தட்டிவிடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

ஐஸ் மேக்கரா, பழைய ட்ரேயா

இவ்வளவையும் படித்துவிட்டு, இது தேவையா என்று யாராவது யோசித்தால் அந்த யோசனை நியாயமானது. ஒரு நாளைக்கு 10 கட்டி போதும் என்றால் மூடி போட்ட ட்ரே ஒன்றை ஃப்ரீசரில் வைப்பதே சிறந்தது. பம்ப் இல்லை, குழாய் இல்லை, சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்தால் தீர்ந்தது. ஐஸ் போடும் வசதி உள்ள பெரிய ஃப்ரிட்ஜில் குளிர்ச்சி விடாமல் இருப்பதால் வழவழப்பு குறைவு. ஆனால் வடிகட்டியைச் சுமார் 6 மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், உள்ளே குழாய் இருக்கும் இடத்துக்கு நம் கை போகாது. வெளியே ஐஸ் வாங்குவது நான்காவது வழி. மீனுக்குப் போடுகிற ஐஸும் சாப்பிடுகிற ஐஸும் கலந்துவிடக் கூடாது என்று 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சாப்பிடாத ஐஸுக்கு நீல நிறம் போடச் சொன்னது. அந்தக் குழப்பம் எவ்வளவு சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி. அம்மாவுக்கு வெளி ஐஸ் என்ற பேச்சே இல்லை.

எங்களுக்கு மேசை மெஷின் பொருந்துவதற்குக் காரணம் அந்தத் துண்டின் அளவு. எங்கள் மெஷினில் சின்ன அளவு வைத்தால் ஒரு தோட்டா 8 கிராம் வருகிறது. சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 10 துண்டு சாப்பிட்டால் 80 மில்லி என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம். ட்ரே கட்டி பெரிது, உடைத்தால் கணக்கு தப்பும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு காரணம் இல்லை, விருந்தாளி வரும்போது மட்டும் வேண்டும் என்றால், மெஷினை வாங்கும் முன் அந்த ராத்திரி 2 நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். அதைச் செய்ய முடியாது என்று தோன்றினால் ட்ரேயே நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

வாங்கியாகிவிட்டது என்றால், வீட்டுக்கு வீடு இப்படிப் பிரிப்பேன். ஆர்.ஓ. தண்ணீர், வீட்டில் எல்லோரும் திடமாக இருக்கிறார்கள்: 2 மாதத்துக்கு ஒரு தடவை சிட்ரிக், மாதம் ஒரு தடவை ஹைப்போகுளோரைட். மெட்ரோ வாட்டர் நேராக: சிட்ரிக் மாதம் ஒரு தடவை, கிருமிநாசினியும் மாதம் ஒரு தடவை. நோயாளியோ கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீடு: எந்தத் தண்ணீரானாலும் வாரம் ஒரு தடவை கிருமிநாசினி, ராத்திரி வடிப்பது ஒரு நாளும் தவறாமல். வினிகர் வாடை யாருக்கும் பொருட்டில்லை, வேறு ஒன்றும் கைக்குக் கிடைக்கவில்லை என்றால் வினிகரே எடுங்கள். சுண்ணாம்பை விட்டு வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஊருக்குப் போவதாக இருந்தால் கழுவி, முழுக்கக் காய வைத்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் இன்னொரு தடவை கிருமிநாசினி ஓட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

இவை ஒன்றுக்கும் மசியாத ஒரு நிலையும் உண்டு. விரல்களில் பூச்சு உரிந்து, ஐஸில் கறுப்பாகவோ வெள்ளி மினுமினுப்பாகவோ துகள் தெரிய ஆரம்பித்தால், அது அழுக்கு இல்லை, உலோகம். அதன் மேல் அமிலம் ஊற்ற ஊற்ற இன்னும் உரியும். எங்கள் முதல் மெஷினுக்கு அப்படித்தான் ஆனது. தெரியாத காலத்தில் நான் ஸ்டீல் நார் போட்டுத் தேய்த்ததும் அதற்கு ஒரு காரணம். பழுது பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்து மாற்றிவிட்டோம். புது மெஷின் வந்த அன்றே பின்பக்கம் ஒரு காகிதம் ஒட்டினேன். அதில் 2 பத்தி: சிட்ரிக் போட்ட தேதி, ஹைப்போகுளோரைட் போட்ட தேதி. அம்மாதான் எழுதுகிறார், நான் மறந்தால் ஞாபகப்படுத்துவதும் அவர்தான்.